டோக்கியோ ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்: அந்த இரண்டாவது இரங்கல் செய்தியை மறுபடி அனுப்புங்கள்

மாண்புமிகு டோக்கியோ ஆளுநர் யுரிகோ கொய்கே அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு செப்டம்பர் 1-ஆம் தேதியும் சுமிதா வார்டின் யோக்கோஅமிச்சோ பூங்காவில் இரண்டு நினைவு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒன்று, 1923-ஆம் ஆண்டின் பெரும் கான்தோ நிலநடுக்கத்தில் இறந்த எல்லோருக்குமான பெரிய நினைவு வழிபாடு. மற்றது, அதே பூங்காவில் ஒரு கல்லுக்கு முன்னால், அந்த நிலநடுக்கத்தை அடுத்து மனிதர்கள் கையால் கொல்லப்பட்ட கொரியர்களுக்காக நடப்பது. முதல் நிகழ்ச்சிக்கு உங்கள் இரங்கல் செய்தி உண்டு. இரண்டாவதற்கு, நீங்கள் பதவிக்கு வந்த 2016-இல் அனுப்பினீர்கள். 2017-இல் நிறுத்தினீர்கள். நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கிறது. அதை மறுபடி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் எதொகாவா வார்டில், நிஷிகசாய் பக்கம் குடும்பத்தோடு குடியிருக்கும் தமிழ்ப் பெண். உங்கள் மாநகரத்துக்கு வரி கட்டுகிறேன், என் மகள் உங்கள் பள்ளியில் படிக்கிறாள், வாக்குரிமை மட்டும் எனக்கில்லை. இந்த மடலின் ஜப்பானிய வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், இந்த ஊரில் என்னைப் போலவே பிழைக்க வந்து, ஆற்றங்கரையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருக்கும் என் மக்களுக்கு அந்தக் கரையின் கதை தெரிய வேண்டும் என்பதுதான்.

என்னை இதற்குள் இழுத்து வந்தது ஒரு நாவல். மின் ஜின் லீ எழுதிய 'பச்சிங்கோ'. சியோலில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர் அவர். பிறகு சில ஆண்டுகள் உங்கள் டோக்கியோவில் குடியிருந்தார். ஜப்பானில் வாழும் கொரியர்களை இங்கே நேரில் சந்தித்துப் பேசிய பிறகு, முன்பு எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எழுதினார். புத்தகம் வெளிவந்தது 2017-இல். நீங்கள் இரங்கல் செய்தியை நிறுத்திய அதே ஆண்டு. எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பூசானை ஒட்டிய யொங்தோ தீவில், செம்படவர்களுக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுக்கும் ஒரு சின்ன விடுதியில் கதை தொடங்குகிறது. அந்த வீட்டுப் பெண் சுஞ்சா, மணமான ஒருவனால் கருவுற்று, அவனிடம் கையேந்தி நிற்க மறுத்து, காசநோய்க்காரரான ஒரு இளம் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு 1933-இல் ஒசாகாவுக்கு வருகிறாள். இகாயினோ என்ற கொரியச் சேரியில் குடியேறுகிறாள். கணவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிம்ச்சி விற்கிறாள். முதல் நாள் கூவி விற்க அவளுக்குத் தொண்டை எழும்பவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் கூடையோடு முதல்முறை உட்கார்ந்த எத்தனையோ பெண்களை அந்த இடத்தில் நான் பார்த்தேன். மூத்த மகன் நோவா டோக்கியோவின் வாசெதா பல்கலைக்கழகம் வரை வந்து, பிறகு எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு நாகானோவுக்குப் போய் ஜப்பானியனாகவே நடித்து வாழ்கிறான். அந்த வாழ்க்கை அவனைக் கொன்றுவிடுகிறது. இளையவன் மொசாசு, பச்சிங்கோ சூதாட்டக் கூடத்தில் தொழில் கற்று முன்னேறுகிறான். மற்ற கதவுகள் அவனுக்குத் திறக்கவில்லை.

அந்த நாவலில் என்னை எழுந்து நடக்க வைத்த இடம் ஒன்று உண்டு. மொசாசுவின் மகன் சாலமனுக்குப் பதினான்கு வயது ஆகிறது. யோக்கஹாமாவில் பெரிய விருந்துக்கு ஏற்பாடு. ஆனால் விருந்துக்கு முன்னால் அவன் வார்டு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அங்கே அவன் விரல்களில் மை தடவி ரேகை எடுக்கிறார்கள். அவன் பிறந்தது இந்த நாட்டில். அவன் அப்பா பிறந்தது இந்த நாட்டில். இருந்தும், பிறந்தநாளன்று தன்னைப் 'பதிவு' செய்துகொண்டு, தங்குவதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு போகிறான். அலுவலக ஊழியர் கெட்டவர் இல்லை, சட்டப்படி வேலையைச் செய்கிறவர். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இது கதாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1910-இல் கொரியாவை இணைத்துக்கொண்டபோது அவர்களைப் பேரரசின் குடிமக்கள் ஆக்கினார்கள். போர் முடிந்த 1945-இல் ஏறத்தாழ இருபது லட்சம் கொரியர்கள் ஜப்பானில் இருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள், சுமார் ஆறு லட்சம் பேர் தங்கினார்கள். 1952 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில், அவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1955-இல் கைரேகை வந்தது. 1980-களில் ஆயிரக்கணக்கானவர்கள் ரேகை வைக்க மறுத்து, வழக்கையும் கைதையும் ஏற்றுக்கொண்டு போராடினார்கள். 1993-இல்தான் சிறப்பு நிரந்தரக் குடியிருப்பாளர்கள் என்ற பிரிவில் வரும் இந்தக் கொரியர்களுக்கு அது நீங்கியது. என் ரேகையை நரித்தா விமான நிலையத்தில் எடுத்தார்கள். நான் வெளியிலிருந்து வந்தவள், அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சாலமன் எங்கிருந்தும் வரவில்லையே.

வேலை விஷயமும் அப்படித்தான். 1970-இல் ஜப்பானியப் பெயரில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் தேர்வை எழுதி வென்ற ஒரு கொரிய இளைஞர், தன்னிடம் ஜப்பானியக் குடும்பப் பதிவேடு கிடையாது என்று சொன்னவுடன் வேலை போயிற்று. நான்கு ஆண்டு வழக்காடி 1974-இல் யோக்கஹாமா நீதிமன்றத்தில் வென்றார். உங்கள் மாநகர நிர்வாகத்திலேயே பொதுச் சுகாதாரச் செவிலியராக இருந்த, ஜப்பானில் பிறந்து வளர்ந்த ஒரு கொரியப் பெண்ணுக்கு, நிர்வாகப் பதவிக்கான தேர்வை எழுதவே அனுமதி மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2005-இல் தோற்றார். நாவலில் வரும் ஒவ்வொரு அவமானத்துக்கும் ஒரு வழக்கு எண் கிடைக்கும் போலிருக்கிறது.

சரி, 1923-க்கு வருகிறேன். நாவலில் அந்த நிலநடுக்கக் காட்சி இல்லை. சுஞ்சா ஒசாகாவில் வந்து இறங்கும்போது அது நடந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. 2022-இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் 1923-க்கு ஒரு முழுப் பகுதியையே ஒதுக்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாவலில் எல்லோரும் ஏன் அவ்வளவு அடங்கிப் பேசுகிறார்கள், ஏன் பிள்ளைகளை அதட்டி அதட்டி வளர்க்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

செப்டம்பர் 1, பகல் 11 மணி 58 நிமிடம். மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர். அதில் பெரும்பகுதி தீயில் போனவர்கள். இன்று நினைவு வழிபாடு நடக்கும் அந்தப் பூங்கா, அன்று ராணுவ உடைக் கிடங்கு இருந்து காலியான மைதானம். அங்கே தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் நெருப்புச் சூறாவளியில் இறந்தார்கள். அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கும் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.

அன்று மாலைக்குள்ளாகவே வதந்தி கிளம்பிவிட்டது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், கூட்டமாக வருகிறார்கள். அரசு வதந்தியை அடக்கவில்லை, ஊதிவிட்டது. உள்துறை அமைச்சகத்தின் காவல் பிரிவுத் தலைவர் பெயரில், செப்டம்பர் 3-ஆம் தேதி காலை, ஃபுனாபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து மாகாணங்களுக்குச் செய்தி போனது: கொரியர்கள் தீ வைக்கிறார்கள், வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்று. ஊர்க்காவல் குழுக்கள் மூங்கில் ஈட்டியும் வாளும் தீயணைப்புக் கொக்கியுமாகத் தெருமுனைகளில் நின்றன. வருகிறவர்களை நிறுத்தி 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு தடுமாறினால் முடிந்தது. கொழும்பில் 1983 ஜூலையில் இதே மாதிரிச் சோதனையைத் தாண்டி உயிர் பிழைத்தவர்கள் எங்கள் மக்களிலும் இருக்கிறார்கள். எனக்கும், வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடும்.

அகிரா குரோசாவாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் ஊரில் சினிமா பேசும் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. அவர் தன் நினைவுகளில் இரண்டு சம்பவம் சொல்கிறார். உறவினர்களைத் தேடி எரிந்த பகுதிக்குப் போனபோது, அவருடைய அப்பாவைத் தடியோடு ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. காரணம், அப்பாவுக்கு அடர்ந்த தாடி. இன்னொன்று, அக்கம்பக்கத்தார் ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்றார்கள். கிணற்றுச் சுவரில் வெள்ளைச் சுண்ணக்கட்டியில் ஏதோ குறி இருக்கிறதாம், விஷம் போட்ட கொரியர்களின் ரகசியக் குறியாம். போய்ப் பார்த்தால் அது அந்தச் சிறுவனே விளையாட்டாகக் கிறுக்கி வைத்தது. ஒரு பிள்ளையின் கிறுக்கல் போதுமானதாக இருந்தது, மேடம், பக்கத்துத் தெரு மனிதனைக் கொல்வதற்கு.

கொல்லப்பட்டவர்களில் சீனர்களும் உண்டு. ஜப்பானியர்களும் உண்டு. ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த ஒரு குழுவில் ஒன்பது பேரை, சிபாவின் ஃபுகுதா கிராமத்தில், கொரியர்கள் என்று சந்தேகப்பட்டுக் கொன்றார்கள். நடிகர் சென்தா கொரேயா, சென்தாகயா பகுதியில் கொரியர் என்று நினைத்துச் சூழ்ந்துகொண்டவர்களிடமிருந்து தப்பியவர். அந்த நாளை மறக்கக் கூடாது என்று அதையே தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். மறக்காமல் இருக்க ஒரு நடிகர் தன் பெயரையே கொடுத்தார். உங்களிடம் கேட்பது ஆண்டுக்கு ஒரு தாள்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அரகாவா ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்தியக் குடும்பங்கள் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது இயற்கையான ஆறு இல்லை, வெள்ளத்தைத் திருப்பிவிட வெட்டிய கால்வாய் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. 1923-இல் அந்த வேலை இன்னும் முடியவில்லை. மண் வெட்டியவர்களில் கொரியத் தொழிலாளர்கள் பலர். இந்த நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெட்டிய கரையிலேயே, மேலே பழைய யொத்சுகி பாலத்தின் பக்கம், அவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊர்க்காவல் குழுக்கள் மட்டும் இல்லை, ராணுவமும் சுட்டது. அதைக் கண்ணால் பார்த்த முதியவர்கள் 1970-களின் இறுதியில், கால்வாயின் வரலாற்றைக் கேட்டு வந்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையிடம் வாய் திறந்தார்கள். 1982-இல் கரையைத் தோண்டிப் பார்த்தார்கள். எலும்பு கிடைக்கவில்லை. பிறகு பழைய செய்தித்தாள்களைப் புரட்டியபோது தெரிந்தது, 1923 நவம்பரிலேயே காவல்துறை வந்து உடல்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே கொண்டு போனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இப்போது கரைக்குக் கீழே, தனியார் நிலத்தில், அந்தக் குடிமக்கள் 2009-இல் நட்ட ஒரு கல் நிற்கிறது. நடைப்பயிற்சி போகும் தமிழர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் முடிவுக்கு முன்னால் எழுந்த கேள்வி எண்ணிக்கை பற்றியது. 2017 மார்ச்சில் மாநகரச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர், நினைவுக் கல்லில் பொறித்திருக்கும் 'ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர்' என்ற எண்ணுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார், செய்தி அனுப்பக் கூடாது என்றார். எண் சரியா என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். ஆனால் உடல்களை ஒளித்த அரசின் வாரிசுகள், உடல் எத்தனை என்று கணக்குக் கேட்பது நியாயமா? உங்கள் மத்திய அரசின் பேரிடர் தடுப்புக் குழுவின் அறிக்கையே, கொல்லப்பட்டவர்கள் மொத்த இறப்பில் ஒன்றிலிருந்து சில விழுக்காடு வரை என்று மதிப்பிட்டிருக்கிறது. அதாவது ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் வரை. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கு ஒரு இரங்கல் செய்தி அதிகமா?

நீங்கள் சொல்லும் காரணம் வேறு. பெரிய வழிபாட்டில் இறந்த எல்லோருக்கும் இரங்கல் தெரிவிக்கிறேன், அதனால் தனியாக வேண்டாம் என்கிறீர்கள். இந்தக் காரணத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். வெறுப்போடு சொல்லவில்லை, ஆனால் ஏற்கவே முடியவில்லை. ஏனென்றால் நிலநடுக்கம் அவர்களைக் கொல்லவில்லை. நிலநடுக்கத்தில் பிழைத்தவர்கள் அவர்கள். வீடு விழுந்தும், தீ பரவியும், எப்படியோ உயிரோடு வெளியே வந்தவர்கள். அவர்களைக் கொன்றது அண்டை வீட்டார். எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு வீட்டில் சாவு விழுந்தால், ஒரு வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் விசாரித்தேன் என்று யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். அதிலும் ஒன்று நோயில் போன சாவு, மற்றது தெருவே கூடி அடித்த சாவு என்றால், எந்த வீட்டு வாசலை முதலில் மிதிப்பார்கள்?

உங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு ஆளுநராக இருந்த ஷின்தாரோ இஷிஹாரா எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2000 ஏப்ரலில் தற்காப்புப் படையினர் முன்னிலையில், பெரிய நிலநடுக்கம் வந்தால் வெளிநாட்டவர் கலவரம் செய்யக்கூடும் என்று பேசியவர் அவர். அந்தப் பேச்சை இன்று படித்தாலும் 1923-இன் வதந்தி காதில் விழுகிறது. அவரே இந்தக் கொரியர் நினைவு நிகழ்ச்சிக்குச் செய்தி அனுப்பினார். 1973-இல் அந்தக் கல்லை நட்டார்கள், அடுத்த ஆண்டு முதல் நிகழ்ச்சி நடந்து வருகிறது. கட்சி எதுவானாலும், அந்தக் கல்லுக்கு முன்னால் டோக்கியோ ஆளுநர் ஒரு வார்த்தை சொல்வது வழக்கமாக இருந்தது. வழக்கத்தை முறித்தது நீங்கள்.

முறித்ததன் விளைவு காகிதத்தோடு நிற்கவில்லை. 2017-இலிருந்து, அதே பூங்காவில், அதே நாளில், கொலையே நடக்கவில்லை என்கிறவர்களின் எதிர்க்கூட்டம் நடக்கத் தொடங்கியது. 2019 கூட்டத்தில் பேசப்பட்டதில் வெறுப்புப் பேச்சு இருந்தது என்று உங்கள் மாநகர அரசே, முறையாக இயற்றிய விதிப்படி, 2020-இல் அறிவித்தது. அதற்காக உங்கள் நிர்வாகத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2022-இல் உங்கள் மனித உரிமை மையத்தில் ஒரு கலைஞரின் காணொளி திரையிடப்படாமல் போனதே, அதில் ஒரு வரலாற்று ஆய்வாளர் படுகொலை உண்மை என்று பேசுகிறார் என்பதையும், ஆளுநர் இரங்கல் செய்தி அனுப்புவதில்லை என்பதையும் சேர்த்துக் காட்டி உங்கள் ஊழியர்கள் மின்னஞ்சலில் கவலைப்பட்டார்களே, அதை என்ன சொல்வது? நீங்கள் யாரையும் தடை செய்யச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவர் பேசாமல் இருந்தால், கீழே இருப்பவர் பேசுகிறவர் வாயை மூடிவிடுவார். எந்த நாட்டு அலுவலகத்திலும் இதுதான் நடக்கும். 2023-இல், நூறாம் ஆண்டு நினைவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்திய அமைச்சரவையின் தலைமைச் செயலரும் அரசிடம் இதைப் பற்றிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்றார். ஃபுனாபாஷியிலிருந்து போன தந்தியின் பதிவு உங்கள் பாதுகாப்பு அமைச்சக ஆய்வகத்திலேயே இருக்கிறது.

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். செப்டம்பர் 1 இந்த நாட்டில் பேரிடர் தடுப்பு நாள். என் மகளின் நாற்காலியில் பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசத் துணி எப்போதும் கிடக்கும். மணி அடித்ததும் அதை மாட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். பிறகு பெற்றோர் வரிசையில் நின்று, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு, பிள்ளையைப் பெற்றுக்கொண்டு நடந்தே வீடு திரும்பும் ஒத்திகை. எரிவாயுவை மூடுவது, தண்ணீர் சேர்ப்பது, எந்தப் பள்ளி எங்கள் தஞ்சமிடம் என்பது எல்லாம் எனக்கு உங்கள் நிர்வாகம் சொல்லிக் கொடுத்தது. உலகில் வேறு எந்த ஊரும் இவ்வளவு அக்கறையாகச் சொல்லிக் கொடுக்காது என்று நினைக்கிறேன். தென் கான்தோவில் அடுத்த முப்பது ஆண்டுக்குள் பெரிய நிலநடுக்கம் வர 70 விழுக்காடு வாய்ப்பு என்கிறார்கள். அன்று நாங்கள் தஞ்சமிடத்துக்கு நடந்து போகும் வழியில், எங்கள் நிறத்தையும் பேச்சையும் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டால் என்ன செய்வது? அந்த ஒத்திகை மட்டும் யாரும் நடத்துவதில்லை.

வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் குமாமோத்தோ நிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணற்றில் விஷம் போட்டார்கள் என்று சமூக ஊடகத்தில் எழுதினார்கள். 2021-இல் ஃபுகுஷிமா பக்கம் நிலம் ஆடியபோதும் அதையே எழுதினார்கள். 2024 ஜனவரி 1-இல் நோத்தோவில் ஆடியபோது வெளிநாட்டுத் திருட்டுக் கும்பல் வருகிறது என்று பரப்பினார்கள். இன்று கிணறு எங்கே இருக்கிறது? கிணறு இல்லாத ஊரிலும் அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2025 ஜூலைத் தேர்தலில் 'ஜப்பானியர் முதலில்' என்ற முழக்கத்தோடு வந்த கட்சி மேலவையில் 14 இடம் பிடித்தது. முழக்கமிட்டவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று நான் சொல்லவில்லை. 1923 ஆகஸ்டில், ஊர்க்காவல் குழுக்காரர்களும் கொலைகாரர்கள் இல்லை. மளிகைக் கடைக்காரர், தச்சர், பள்ளிப் பையனின் அப்பா. அவர்களுக்கு அந்த நாள் வந்தபோது, அரசின் குரல் எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

1923-இல் யோக்கஹாமா பக்கம் சுருமி காவல் நிலையத் தலைவராக இருந்த சுனெகிச்சி ஓகாவாவை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். சுமார் 300 பேரை, பெரும்பாலும் கொரியர்களை, நிலையத்துக்குள் அழைத்து வைத்துக்கொண்டு, வெளியே கத்திய கூட்டத்துக்கு முன்னால் நின்றார். விஷத் தண்ணீர் என்று அவர்கள் கொண்டுவந்து காட்டியதை வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே குடித்தார் என்கிறார்கள். பதவியில் இருந்த ஒரே ஒரு ஆள், தன் பக்கம் எது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டினார், அவ்வளவுதான். அத்தனை பேரும் பிழைத்தார்கள். 1953-இல் கொரியர்களே காசு போட்டு அவருக்கு அங்கே தோசென்ஜி கோயிலில் கல் நட்டார்கள். நாட்டையே வெறுக்கிறவர்கள் இப்படி நன்றிக் கல் நட மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஜப்பானியருக்கு அவமானம் என்று பயப்படுகிறவர்கள், அந்தக் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம்.

நாவலில் அந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சோறு, படிப்பு, தன் பெயரில் வாழும் உரிமை. அதைவிட முக்கியமாக, தங்களுக்கு நடந்தது நடந்தது என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு, சொல்லாமலே பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நோவா செத்தது சூதாட்டத்தாலோ வறுமையாலோ இல்லை. தான் யார் என்பது வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தால். அந்தப் பயத்தை விதைத்ததில் 1923-க்குப் பங்கு உண்டு. அதை வளர்ப்பதில், நடந்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் பங்கு உண்டு.

2024-இல் பக்கத்து சைத்தாமா மாகாண ஆளுநர், தன் மாகாணத்தில் நடந்த கொரியர் நினைவு நிகழ்ச்சிக்கு இரங்கல் செய்தி அனுப்பினார். அதனால் அங்கே யாருக்கும் எந்தக் குறையும் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது மன்னிப்பு இல்லை, இழப்பீடு இல்லை, எண்ணிக்கை பற்றிய தீர்ப்பும் இல்லை. வரும் கோடையில் நினைவு நிகழ்ச்சிக் குழுவினர் வழக்கம்போல உங்களுக்குக் கோரிக்கை அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக ஒரு செய்தி அனுப்புங்கள். நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் என்று பொதுவாக எழுதாமல், கொல்லப்பட்டார்கள் என்ற சொல் அதில் இருக்கட்டும். அதை ஒரு ஊழியர் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே வந்து வாசித்தால் இன்னும் நல்லது. பெரிய வழிபாடு நடக்கும் மண்டபத்திலிருந்து அந்தக் கல் கூப்பிடு தூரம்தான். புதிதாக எழுத நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. 2016-இல் நீங்களே அனுப்பிய செய்தியின் பிரதி உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். அதில் தேதியை மாற்றி அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மாநகரத்தில் குடியிருக்கும்,
எதொகாவா வார்டைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாய்